அண்ணாச்சி வண்டியில்

ஏறியிருக்கக் கூடாது என்பது கார்க் கதவு சாத்திய சத்தத்திலேயே ஆவுடையம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ் கதவு மாதிரித் தடாலென்று அடிக்கவில்லை அது. தலையணை விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே கூவிக்கொண்டிருந்த பூக்காரி, டீக்கடைப் பாட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இரைச்சல் எல்லாம் ஒரே வெட்டில் அற்றுப்போயின. அதற்குக் கொஞ்சம் முன்பு வரை பஸ் ஸ்டாப்பில் வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தாள். வடகுளம் பஸ் வருகிற நேரம்தான். அதற்கு முன்னால் இந்த வெள்ளைக் கார் வந்து ஓரங்கட்டிவிட்டது. கண்ணாடி இறங்கியது. “ஏறும்மா ஆவுடை, எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான போறோம்” என்றார் துரைப்பாண்டி அண்ணாச்சி. இல்லை அண்ணாச்சி, பஸ்ஸிலேயே வந்துருதேன் என்று சொல்ல வாயெடுத்தவள்தான். அதற்குள் பின்சீட்டில் அவர் சம்சாரம் காந்திமதி மைனி நகர்ந்து இடம் விடுவது தெரிந்தது. ஸ்டாப்பில் நின்ற சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கூப்பிட்டு ஏறவில்லை என்றால் அது ஒரு சேதி. பொழுது சாய்வதற்குள் மேலக்கரை முழுக்கப் போய்விடும். ஏறினால் அதுவும் ஒரு சேதிதான். எந்தச் சேதி பரவாயில்லை என்று யோசித்து முடிப்பதற்குள் கால் ஏறிவிட்டது. காலுக்குப் புத்தி கிடையாது, பயம் மட்டும்தான் உண்டு. இப்போது சாலையோரப் புளியமரங்கள் சத்தமில்லாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஏ.சி.க் காற்று நேராக அவள் முழங்கையில் அடித்தது. அதை எப்படித் திருப்புவதென்று தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். பயத்தில் மூடினாளா குளிரில் மூடினாளா என்று முன்னால் இருப்பவர் கண்ணாடியில் பார்த்து யோசிப்பாரோ என்று உடனே மூடியதை விலக்கினாள்.

இன்றைக்குக் கட்சி ஓட்டு. சட்டமன்றத் தேர்தலுக்கு இந்தத் தொகுதியில் யாரை நிறுத்துவது என்று இதுவரைக்கும் தலைமைதான் சொல்லும். இந்தத் தடவை அந்தந்தத் தொகுதியின் கிளைச் செயலாளர்களும் கவுன்சிலர்களுமே கூடி ரகசியமாகச் சீட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வடகுளத்துக் கல்யாண மண்டபத்தில் ஓட்டு, அண்ணாச்சியும் நிற்கிறார். மேலக்கரைப் பேரூராட்சியில் அவள் வார்டு கவுன்சிலர். பெண்களுக்கென்று ஒதுக்கின வார்டு. பேருக்கு அவள், பேச்சுக்கு அவள் புருஷன் சங்கரலிங்கம் என்றுதான் இத்தனை நாளும் ஓடியது. கூட்டத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவளுக்காக அவன் பேசுவான். இன்றைக்கு மண்டபத்துக்குள் ஓட்டு உள்ளவர்களைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் அவள் சேலையைக் கட்டி முடிக்கிற வரைக்கும் வாசலிலேயே நின்றான். “நான் யாருக்குன்னு சொல்ல மாட்டேன்” என்றான். சொல்லிவிட்டுப் போகவில்லை. செருப்பை மாட்டுகிற வரைக்கும் நின்றுவிட்டு, “நம்ம வீட்டுல அடுப்பு எப்படி எரியுதுன்னு மட்டும் நெனைச்சுக்க” என்றான். அண்ணாச்சியின் கிரஷரில்தான் அவனுக்கு மேஸ்திரி வேலை. கல் உடைக்கிற மிஷின் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்று அவனுக்கு ஒரு காது மந்தமாகிவிட்டது. வீட்டில் ரகசியம் பேச வேண்டுமென்றால் கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அதனாலேயே அந்த வீட்டில் ரகசியம் எதுவும் இருந்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர. அண்ணாச்சிக்கு ஓட்டுப் போடலாமா என்பதில் அவளுக்குள் ஒரு முடிவு வரவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் கத்த மாட்டான். இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவான். அவன் அப்படி உட்காருவதை அவளால் பார்க்க முடியாது.

முன்சீட்டில் அண்ணாச்சியின் பிடரி தெரிந்தது. புதிதாக முடி வெட்டியிருந்தார். சந்தன வாசமும் சலூன் பவுடர் வாசமும் கலந்து வந்தது. நல்ல கருத்த, தடித்த பிடரி. வெள்ளைச் சட்டைக் காலருக்கு மேலே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. கைக்குழந்தையின் கையில் விழுமே, அந்த மாதிரி மடிப்பு. இந்தப் பிடரியை இதற்கு முன்னால் இவ்வளவு பக்கத்தில் அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம். மகள் கற்பகத்துக்கு வலி எடுத்துவிட்டது. பாலத்தை மூழ்கடித்துக்கொண்டு தண்ணீர் போகிறது, ஆம்புலன்ஸ் அக்கரையில் நிற்கிறது. யாரோ போய்ச் சொல்ல, அண்ணாச்சி கிரஷரிலிருந்து மண்வாரி வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். மண் அள்ளுகிற அந்த இரும்புத் தொட்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே மெத்தையைப் போட்டு, கற்பகத்தைப் படுக்க வைத்து, ஆவுடையும் கூட ஏறிக் குத்தவைத்துக்கொண்டாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி தண்ணீரில் இறங்கியது. அண்ணாச்சி வண்டிக்கு முன்னால் இடுப்பளவுத் தண்ணீரில் கம்பால் பள்ளம் பார்த்துக்கொண்டே நடந்தார். மழை அவர் பிடரியில் கொட்டி இரண்டு பக்கமும் வழிந்தது. ஒரு இடத்தில் இழுப்பில் கால் தடுமாறிக் கழுத்து வரைக்கும் போனார். போயேவிட்டார் என்று இவள் அலறினாள். எழுந்து, திரும்பிப் பார்த்துச் சிரித்து, “ஒண்ணுமில்ல தாயி, பிள்ளையப் பாரு” என்றார். பேத்தி பிறந்தாள். அவர் அன்றைக்கு வரவில்லை என்றால் பேத்தியும் இல்லை, கற்பகமும் இல்லை. அந்த நன்றியை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. அந்த மனுஷருக்கு ஒரு சீட்டில் முத்திரை குத்தினால் கை தேய்ந்தா போய்விடும்? அதுதான் நியாயம். அப்படி நினைக்கிற போதே, அதே நியாயத்தின் அடியிலிருந்து சுடலைமுத்து எழுந்து வந்துவிடுகிறான். எவ்வளவு அமுக்கினாலும் வந்துவிடுகிறான்.

சுடலைமுத்து அவளோடு ஒன்றாகப் படித்தவன். தாலுகா ஆபீஸ் முக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். அண்ணாச்சியின் குவாரியில் வெடி வைத்து வைத்துத் தெற்குத் தெரு வீடுகள் எல்லாம் விரிந்துபோய்விட்டன, கிணற்றில் தண்ணீர் மண்ணாக வருகிறது என்று கலெக்டர் வரைக்கும் மனுக் கொடுத்தான். ஆவுடை வீட்டுச் சுவரிலும் விரிசல் உண்டு, கையை நுழைக்கலாம். ஒருநாள் கருக்கல் நேரத்தில் வாய்க்கால் வளைவில் சைக்கிளில் வந்தவனை டிப்பர் லாரி ஒன்று அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. எந்த லாரி என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. போலீஸ் விபத்து என்று எழுதியது. விபத்தாகவும் இருக்கலாம். அந்த வளைவில் அதற்கு முன்னாலும் ஆட்கள் விழுந்திருக்கிறார்கள். விளக்குக் கிடையாது, வாய்க்கால் கரையில் நாணல் வேறு மறைக்கும், சுடலைமுத்துவுக்கும் கண்பார்வை மட்டம், கண்ணாடி போடச் சொன்னால் போட மாட்டான். விபத்துதான். ஆனால் அங்கே ஓடுகிற டிப்பர் எல்லாம் யாருடைய டிப்பர்? அந்தக் கேள்வியை ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, மனசுக்குள் கூட முழுசாகக் கேட்டதில்லை. பாதியில் வேறு வேலைக்குப் போய்விடுவாள். எழவுக்கு அண்ணாச்சி வந்தார். பாடைக்குத் தோள் கொடுத்தார். சுடுகாட்டுப் பாதை பிரிகிற இடத்தில் தோள் மாற்றிவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அது நடிப்பில்லை. பொம்பளைகள் கூட்டத்தில் நின்று ஆவுடை நன்றாகப் பார்த்தாள். மூக்கு ஒழுகியது, தோள் குலுங்கியது. நடிக்கிறவனுக்கு மூக்கு ஒழுகாது. அப்படியென்றால் அவர் செய்யவில்லை. அல்லது செய்துவிட்டும் அழ முடிகிறது. இரண்டாவது உண்மையென்றால் அந்த அழுகை, செய்ததைவிடப் பெரிய பயம். தண்ணீரில் நின்று சிரித்த முகமும் துண்டைக் கடித்துக்கொண்டு அழுத முகமும் ஒன்றுதான்; அந்த ஒரு முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத ஆளிடம் இதற்கு மேல் ஒரு பதவியையும் கொடுப்பதா? இப்போதே தாசில்தார் எழுந்து நிற்கிறார். எம்.எல்.ஏ. ஆகிவிட்டால்?

“ஏ.சி. ஜாஸ்தியா இருக்காம்மா?” என்று முன்னாலிருந்து கேட்டார் அண்ணாச்சி. திரும்பவில்லை. அவள் கையை மூடித் திறந்ததை எப்போது பார்த்தார்? “இல்ல அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு” என்றாள். அவர் டிரைவரிடம் ஏதோ சைகை காட்டினார், காற்று குறைந்தது. அந்தக் கரிசனம்தான் அவளை இன்னும் பயமுறுத்தியது. ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே இந்த மனுஷர். ஊர்க்கதை பேசினார், மழை ஏமாற்றிவிட்டது என்றார், பேத்தி பள்ளிக்கூடம் போகிறாளா என்று விசாரித்தார். கேட்டுவிட்டால் தேவலை. கேட்டால் உங்களுக்குத்தான் அண்ணாச்சி என்று சொல்லிவிடலாம், சொன்ன பிறகு மனசு அந்தப் பக்கமே சாய்ந்துவிடவும் கூடும். கேட்காததால் அந்தப் பதில் அவள் நாக்கிலேயே கிடந்து புளித்தது. அவர் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் தெரியும்: கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மேலக்கரைக்கு என்று தனிப் பெட்டி. அதில் விழுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சீட்டுகள்தான். கிளைச் செயலாளர்கள் எல்லாரும் அவர் ஆட்கள். எண்ணும்போது அந்தப் பெட்டியில் ஒரு சீட்டு மாறி இருந்தால், அது யாருடையது என்று கண்டுபிடிக்கப் போலீஸ் நாய் வேண்டாம். ரகசிய ஓட்டு என்று போட்டிருக்கிறார்கள். இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் என்ன ரகசியம்?

சரி, வேறு யாருக்குப் போடுவது என்றாவது தெளிவாக இருக்கிறதா? அதுவும் இல்லை. வக்கீல் எஸ்தர் நிற்கிறாள். குவாரி வெடிக்கு எதிராகக் கோர்ட்டில் தடை வாங்கியவள் அவள்தான்; தடை கொஞ்ச நாள் நின்றது, பிறகு காற்றில் போனது, ஆனால் அந்தக் கொஞ்ச நாள் தெற்குத் தெருப் பிள்ளைகள் பகலில் தூங்கின. மகளிர் அணிக் கூட்டத்தில் அவளிடம் போய்ச் சுவர் விரிசலைச் சொன்னபோது, போனைப் பார்த்துக்கொண்டே, “எழுதிக் குடுங்க ஆண்டாளம்மா” என்றாள். ஆவுடை என்று திருத்தினாள் இவள். அடுத்த கூட்டத்தில் மறுபடி ஆண்டாள். டீ கொடுத்தால் ஒரு மடக்குக் குடித்துவிட்டு வைத்துவிடுவாள். யார் வீட்டிலும் உட்கார மாட்டாள், நின்றுகொண்டே பேசுவாள், பேசுவது முழுக்கச் சரியாக இருக்கும். அவளுக்குப் பயம் கிடையாது. அதுதான் ஆவுடைக்கு அவளிடம் பயம். பயமில்லாதவர்கள் முன்னால் போய்விடுவார்கள், லாரி பின்னால் வருகிறவனைத்தான் அடிக்கும். மூன்றாவது ஆள் நெல்லையப்பன் ஐயா, பழைய எம்.எல்.ஏ. மேலக்கரைக்கு ஆஸ்பத்திரி கொண்டுவந்தவர், யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. மேடையிலேயே தூங்கிவிடுகிறார். போன மாசம் அவளிடம் வந்து நலம் விசாரித்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து முதலில் இருந்து விசாரித்தார். மாமனார் பேச ஆரம்பித்ததை மருமகன் பேசி முடிக்கிறான். சுபாவம் எப்படியென்று யாருக்கும் தெரியாத மருமகன். ஒருத்தர் தூங்குகிறார், ஒருத்தி உட்கார மாட்டேன் என்கிறாள், ஒருவர் இதோ நமக்கு ஏ.சி.யைக் குறைக்கிறார். மூன்று பேரையும் ஒன்றாகப் பிசைந்து ஒரு ஆள் செய்ய முடிந்தால் நல்லது. இதையெல்லாம் மறுபடியும் மறுபடியும் நிறுத்துப் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் தட்டு எங்கோ போய் நிற்கிற சமயத்தில் அடுப்பு எப்படி எரியுதுன்னு நெனைச்சுக்க என்று புருஷன் வந்து தட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறான்.

வண்டி நின்றது. ரயில்வே கேட் போட்டிருந்தது. அண்ணாச்சிக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கி, தண்டவாளத்துப் பக்கம் நடந்தார். டிரைவரும் இறங்கிப் போய்ப் பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்க நின்றான். திறந்து மூடிய கதவு வழியாக ஒரு வாய் வெயில் உள்ளே வந்துவிட்டுப் போயிற்று. அதுவரைக்கும் ஒரு வார்த்தையும் பேசாமல், மடியில் கோயில் பிரசாதப் பையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்திருந்த காந்திமதி மைனி, பார்வையைத் திருப்பாமலே வாயை அசைத்தாள். முதலில் ஜெபம் என்றுதான் ஆவுடை நினைத்தாள்.

“ஆவுடை. அவியளுக்குப் போடாத.”

காதில் சரியாகத்தான் விழுந்தது. விழுந்தும், அது வேறு ஏதோ ஒரு வாக்கியத்தின் பாதி என்று நினைத்து மீதிக்காகக் காத்திருந்தாள்.

“நான் சொல்லுதேன்னு நெனைக்காத. எம்.எல்.ஏ. ஆயிட்டா வீட்டுக்குள்ளயும் எம்.எல்.ஏ.தான். இப்பவாவது மேல யாராவது கேப்பாவளோன்னு ஒரு இது இருக்கு. அதுக்குப் பெறவு அதுவும் இருக்காது.” மைனியின் விரல்கள் பையின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தன. “சுடலைமுத்து பொண்டாட்டி கோயில்ல என்னைப் பாத்தாக் கும்பிடுதா. எனக்கு அது தாங்கல.”

ஆவுடையின் காதுக்குள் கிரஷர் ஓடுவது போல ஒரு இரைச்சல். மைனி இதைச் சொல்லக் காரணம் என்ன? இத்தனை வருஷத்தில் மைனி அவளிடம் சாப்பிட்டியா, போயிட்டு வா என்பதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. இன்றைக்கு, ஓட்டுப் போடப் போகிற வழியில், சரியாக அவர் இறங்கிப் போன பிறகு. சரியாக டிரைவரும் இறங்கிப் போன பிறகு. யார் போன் செய்தது? செய்யச் சொல்லிச் செய்த போனா? ஆவுடை வாயிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்கச் சொல்லி இவளை உட்கார்த்தி வைத்திருக்கிறாரா? பஸ் ஸ்டாப்பில் கார் தானாகவா நின்றது? கண்ணாடிக்கு வெளியே அண்ணாச்சி போனைக் காதில் வைத்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்புக் கண்ணாடி, உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது என்று அறிவு சொல்கிறது. தெரியும் என்று முதுகுத்தண்டு சொல்கிறது. “என்ன மைனி இப்படிச் சொல்லுதிய” என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, மேடையில் பேசுகிற குரல். “அண்ணாச்சிக்குப் போடாம யாருக்குப் போடுவேன்? எம் மகளுக்கு உசுரு குடுத்த மனுஷராச்சே.”

மைனி அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. வாசலில் வந்து கேட்டுவிட்டு, இல்லை என்றதும் அடுத்த வீட்டுக்குப் போகிறவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு பார்வை. பிறகு பையின் நூலை மறுபடி முடிந்து, மடியில் நேராக வைத்துக்கொண்டாள். ரயில் போனது, நீளமான சரக்கு ரயில், ஒவ்வொரு பெட்டியும் தடக் தடக்கென்று அவள் நெஞ்சின் மேலேயே போவது போல இருந்தது. அண்ணாச்சி ஏறினார். “என்ன, ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்த மாதிரி இருந்துது” என்றார் சாதாரணமாக. “இவ பேத்திக்குக் காது குத்தணுமாம். எந்தக் கோயில்னு கேட்டா” என்றாள் மைனி. கொஞ்சமும் யோசிக்கவில்லை. எத்தனை வருஷம் பழகினால் ஒரு பொய் இவ்வளவு வழவழப்பாக வரும்! சோதனை என்றால் மைனி இந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியதில்லையே. சொல்லிச் சிரித்துவிட்டிருப்பார்களே. அப்படியென்றால் மைனி சொன்னது நிஜம். நிஜமாகவே அந்தப் பொம்பளை, பிறத்தியாளிடம், புருஷனைப் பற்றி, வாயைத் திறந்து கேட்டிருக்கிறாள். நாம் மேடைக்குரலில் பதில் சொல்லியிருக்கிறோம். கேட் தூக்கிய பிறகு வண்டி தண்டவாளத்தில் குலுங்கியதில் இருவர் தோளும் இடித்துக்கொண்டன. மைனி சட்டென்று ஒதுங்கிக்கொண்டாள், அழுக்குப் பட்டுவிடுமோ என்பது போல. அழுக்கு யார் மேல் இருக்கிறது என்று ஆவுடைக்குத் தெரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் மைனி என்று சொல்ல முடியாது. தொடவும் முடியாது, முன்னால் கண்ணாடி இருக்கிறது. ஒருவேளை இரண்டாவது சோதனையோ இது? பொய் சொல்வதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருப்பாரோ? சீ, என்று தன்னையே அதட்டினாள். பயம் என்பது வாலைத் தானே துரத்துகிற நாய் மாதிரி, விட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றியது. மண்டபம் வருகிற வரைக்கும் சுற்றியது.

மண்டபத்தில் வாழை மரம் கட்டியிருந்தார்கள், ஏதோ முகூர்த்தத்துக்குக் கட்டியதை அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள். போட்டியில் நிற்கிற மூன்று பேரும் வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டார்கள். நெல்லையப்பன் ஐயா அவளை இரண்டு தடவை கும்பிட்டார். எஸ்தர், “வாங்க ஆண்டாளம்மா” என்றாள். மைனி அண்ணாச்சிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, வந்த பெண்களுக்கெல்லாம் ஏதோ ஒரு வார்த்தை பேசிக் குங்குமமும் பூவும் கொடுத்தாள். இவளுக்கும் கொடுத்தாள், விரல் படாமல். மணப்பெண் அறைதான் ஓட்டுப் போடுகிற அறை. ஒரு ஆளுயரக் கண்ணாடி, அதற்கு முன்னால் மேஜை, மேஜை மேல் சீட்டும் முத்திரைக் கட்டையும் மைப்பெட்டியும். கதவைச் சாத்தியதும் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். இந்தப் பொம்பளையா? சீட்டில் மூன்று பேர், வரிசையாக. அண்ணாச்சி பேருக்கு மேல் முத்திரையைக் கொண்டுபோனாள். தண்ணீருக்குள் நின்று சிரித்த முகம். கை இறங்கவில்லை. நெல்லையப்பன் ஐயா, யாருக்கும் கெடுதல் இல்லை, யார் மேலும் பழி வராது. அங்கேயும் இறங்கவில்லை. வெளியே யாரோ இருமினார்கள். சீக்கிரம் வா என்கிற இருமல்தான். அடுப்பை நினைத்தாள், நினைக்காமல் இருக்க முடியவில்லை. வீட்டில் போய் உட்காரப் போகிற சங்கரலிங்கத்தை நினைத்தாள். விரிந்த சுவரை நினைத்தாள். கும்பிடுகிற பொம்பளையையும் கும்பிடு தாங்காத பொம்பளையையும் நினைத்தாள். நம்மில் பயப்படுகிறவர்கள் போதும், பயப்படாத ஒருத்தி எங்காவது இருக்கட்டும், அவள் நம்மை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன, என்று ஒரு நினைப்பு வந்தது. அது நினைப்பாக முழுசாக வருவதற்குள் முத்திரை எஸ்தர் பேரில் விழுந்துவிட்டது. தைரியத்தில் விழுந்ததா கை நடுக்கத்தில் விழுந்ததா என்று பிறகு எவ்வளவோ யோசித்தும் தெரியவில்லை. மை காயட்டும் என்று ஊதினாள். ஊத ஊத உதடு வறண்டது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எண்ணினார்கள். நெல்லையப்பன் ஐயா ஜெயித்துவிட்டார். ஒருவரும் எதிர்பார்க்கவில்லை, அவரே எதிர்பார்க்கவில்லை. மருமகன் தட்டி எழுப்பிச் சொன்னதும் யாருக்கோ வாழ்த்துச் சொல்வது போல எழுந்து கைதட்டினார். அண்ணாச்சி கொஞ்சம் சீட்டு வித்தியாசத்தில் தோற்றிருந்தார். எஸ்தருக்கு விழுந்தது மிகக் கொஞ்சம். ஆவுடைக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை, ஆச்சரியம்: இத்தனை பேர். வாசலில் விழுந்து விழுந்து கும்பிட்ட, தோளில் கை போட்ட, அண்ணாச்சி அண்ணாச்சி என்று சுற்றி நின்ற இத்தனை பேரும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நம்மை மாதிரியே நடுங்கியிருக்கிறார்கள், நடுங்கித் தூங்குகிற மனுஷர் மேல் போய் விழுந்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது. மேலக்கரைப் பெட்டியில் ஒரு சீட்டு எஸ்தருக்கு என்று மைக்கில் வாசித்தார்கள். ஒன்றே ஒன்று, மீதி எல்லாம் அண்ணாச்சிக்கு. மைக்கில் அந்த ஒன்று கூடம் முழுக்க எதிரொலித்தது. அண்ணாச்சி ஐயாவுக்கு மாலை போட்டார், கட்டிப்பிடித்தார், போட்டோவுக்கு நின்றார். படியிறங்கி வரும்போது அவளைப் பார்த்து, “வா ஆவுடை, போற வழியில இறக்கிவிட்டுருதேன்” என்றார். எதிரே பஸ் நின்றது. மேலக்கரை போர்டு போட்ட பஸ், கண்டக்டர் விசில் ஊதத் தயாராக நின்றான். பஸ்ஸில் போயிருதேன் அண்ணாச்சி என்று இந்தத் தடவை அவளால் சொல்லியிருக்க முடியும். தோற்ற மனுஷர், வற்புறுத்த மாட்டார். அப்போது மைனி காருக்குள் ஏறி, பின்சீட்டின் ஓரத்துக்கு, கதவோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். இடம் விட நகர்ந்ததில்லை அது. அந்த நீளமான சீட்டில் அவள் ஒருத்தியாக, ஒரு மூலையில், குடை மடக்கி வைத்த மாதிரி இருந்தாள். ஆவுடை பஸ்ஸைப் பார்த்தாள். விசில் கேட்டது. கார்க் கதவைத் தானே திறந்துகொண்டு ஏறினாள்.

வண்டி வடகுளம் எல்லையைத் தாண்டியது. ஏ.சி. போடவில்லை, யாரும் போடச் சொல்லவுமில்லை. வேர்த்தது. அண்ணாச்சி வேட்டி மேல் ஒட்டியிருந்த மாலைப் பூவிதழை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமும் இல்லாமல், ரோட்டைப் பார்த்துச் சொன்னார், “வெளியாள் எப்படிப் போட்டாலும் போட்டுட்டுப் போறான். நம்ம பெட்டியில. நம்ம கூடவே இருந்து.” குரல் உயரவில்லை. கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது; ஆவுடையைப் பார்க்கவில்லை, மைனியைப் பார்த்துக்கொண்டிருந்தது. “பூக் குடுக்கையில நீ எல்லார்கிட்டயும் என்னமோ பேசிக்கிட்டே இருந்தியே காந்திமதி. என்ன பேசுனே?” மைனி வாயைத் திறந்தாள். காலையில் அவ்வளவு வழவழப்பாக வந்த பொய் இப்போது வரவில்லை. பிரசாதப் பை மடியிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது, குனிந்து எடுக்கவில்லை. இப்போது ஏதாவது சொல்ல வேண்டும், காது குத்து, கோயில், ஏதாவது என்று ஆவுடை தேடினாள். எல்லா அறையும் காலியாகக் கிடக்கிற வீட்டுக்குள் ஓடுவது போல மனசு ஓடியது. அடுப்பு, சுவர், சங்கரலிங்கம், பேத்தி, தண்ணீர், ஒன்றும் எதிரே வரவில்லை.

“அந்த ஒண்ணு என்னோடது அண்ணாச்சி” என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. காய்கறிக்காரனிடம் கால் கிலோ என்று சொல்வது போல வந்துவிட்டது. டிரைவர் வேகத்தைக் குறைத்தான், யாரும் சொல்லாமலே. அண்ணாச்சி திரும்பியபோது, அவள் நினைத்து நினைத்து நடுங்கிய எந்த முகமும் இல்லை அது. வழி தவறி, இது எந்த ஊர் என்று கேட்க நிற்கிறவருடைய முகம்.

“ஏம்மா? நான் உனக்கு என்ன குறை வச்சேன்?”

குறையா? ஒரு குறையும் இல்லை என்றுதான் வாயில் வந்தது. இத்தனை வருஷமாக எல்லார் வாயிலும் அவருக்கென்று தயாராக இருக்கிற பதில் அதுதான். அதை விழுங்கினாள். கையை முந்தானையால் மூடாமல் அப்படியே விட்டாள்.

“பயமா இருக்கு அண்ணாச்சி. உங்களைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு.”

அவர் சிரிக்கப் போனார். உதடு பாதி வழி வந்துவிட்டு நின்றது. நியாயம் கேட்பது போலச் சம்சாரத்தின் பக்கம் திரும்பி, “கேட்டியா இவ சொல்லுதத?” என்றார்.

காந்திமதி மைனி ஜன்னலை விட்டு விலகி, சீட்டின் நடுவுக்கு வந்து, ஆவுடையின் தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்தாள்.

“எனக்கும்தான்” என்றாள்.